மூக்கின் வேலையை இனி எது செய்யும்?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. ஏற்காட்டில் காப்பித் தோட்ட மேஸ்திரியாக இருந்தவர். நெடுநாள் பீடிப் பழக்கம் உண்டு. புற்றுநோய்க்காக ஏழு மாதத்துக்கு முன் குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கதிர் சிகிச்சையும் முடிந்தது. பேசுவதற்கு வால்வு வைத்திருக்கிறார்கள். முதலில் சேலம் அம்மாப்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருந்தார். அங்கே தறி ஓடுகிறது. இரண்டு முறை சளி அடைத்து மூச்சு திணறியதால் மலைக்கே கூட்டி வந்துவிட்டோம். மூடுபனி ஈரம் நல்லது என்று சொன்னார்கள். ஆனால் இங்கே இருமல் கூடிவிட்டது. இரவில் நாலைந்து முறை எழுகிறார். காலையில் சளியில் ரத்தக் கோடு தெரிகிறது. கழுத்து ஃபில்டர் விலை அதிகம் என்பதால் கழுவிக் கழுவிப் போடுகிறோம். தண்ணீர் குடித்தாலும் சில சமயம் இருமுகிறார். எதிலும் வாசனை தெரியவில்லை என்று சாப்பாட்டைக் குறைத்துவிட்டார், வெளியே வருவதில்லை. ஆக்ஸிஜன் மெஷின் வாங்கி வைக்கலாமா? ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் போக வேண்டும் என்கிறார், கூட்டிப் போகலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஆக்ஸிஜன் மெஷினுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நீங்கள் எழுதியவற்றில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகிறது. குரல்வளையை எடுத்ததும் மூச்சுக்குழாயின் மேல்முனையைக் கொண்டுவந்து கழுத்துத் தோலில் தைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மூக்குக்கும் நுரையீரலுக்கும் வழியே கிடையாது. மூக்கு என்றால் நாம் வாசனையை மட்டும்தான் நினைக்கிறோம். உள்ளே போகும் காற்றைச் சூடாக்குவது, ஈரமாக்குவது, தூசியை வடிப்பது, மூச்சுக்கு லேசான தடை கொடுத்து நுரையீரலின் கடைசி அறைகள் சுருங்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அதன் வேலைதான். சாதாரண அறையில் மூக்கு வழியாக மூச்சு இழுப்பவருக்குக் குரல்வளையைத் தாண்டும்போதே காற்று சுமார் 32 டிகிரி சூட்டில், ஏறக்குறைய முழு ஈரத்தோடு இருக்கும். அதே அறையில் கழுத்துத் துளை வழியாக இழுப்பவருக்கு அந்த இடத்தில் 27, 28 டிகிரியும் பாதி ஈரமும்தான். வறண்டு போகும் மூச்சுக்குழாய் தன்னைக் காத்துக்கொள்ளச் சளியைச் சுரந்து தள்ளுகிறது. அந்தச் சளியும் வறண்டு பொருக்காகிறது. இருமல், இரவு விழிப்பு, காலை ரத்தக் கோடு மூன்றும் இதன் தொடர்ச்சி.

மூடுபனி விஷயத்தில் உங்களுக்குச் சொன்னவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் கணக்கு வேறு மாதிரி. குளிர்ந்த காற்றால் அதிகத் தண்ணீரைச் சுமக்க முடியாது. 15 டிகிரியில் பனி மூடிய ஏற்காட்டுக் காலையில், ஒரு கன மீட்டர் காற்று முழுக்க ஈரமாக இருந்தாலும் அதில் சுமார் 13 கிராம் நீராவிதான் இருக்கும். நுரையீரலுக்குள் 37 டிகிரியில் அதே காற்றுக்குத் தேவை சுமார் 44 கிராம். மீதி 31 கிராமை மூச்சுக்குழாயின் சுவர்தான் கொடுக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருப்பவரே ஒரு நாளைக்குச் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார். பெருக்கிப் பாருங்கள், கால் லிட்டருக்கு மேல் வரும். வெளியே இலை நுனியெல்லாம் சொட்டும்போது அப்பாவின் மூச்சுக்குழாய் மட்டும் காய்வதற்கு இதுதான் காரணம். குளிர்காற்று நேரடியாகப் படும்போது மூச்சுக்குழாய் சுருங்கவும் செய்யும். பீடி பிடித்த நுரையீரலில் இது இன்னும் அதிகம். மலையின் உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. 1,500 மீட்டரில் காற்றழுத்தம் குறைவதை அவர் உடம்பு சமாளித்துக்கொள்ளும்.

அம்மாப்பேட்டையில் நடந்தது வேறு. தறிக்கூடத்தில் மிதக்கும் பஞ்சுத் தூசி கழுத்துத் துளை வழியாக நேராக உள்ளே போய்ச் சளியோடு பின்னிக்கொள்கிறது. வெறும் சளி இருமினால் வெளியே வந்துவிடும். நூலிழை கலந்த சளி கம்பளித் துணி போலக் கெட்டியாகி, நீளமாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அண்ணன் வீட்டுக்குப் போய் வருவதில் தவறில்லை. தறி ஓடும் கூடத்திலும் அதை ஒட்டிய அறையிலும் படுக்க வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது ஃபில்டர். கழுவக்கூடாது. அந்தச் சின்னக் கேசட்டுக்குள் இருக்கும் ஸ்பாஞ்சில் கால்சியம் குளோரைடு என்ற உப்பு ஏற்றியிருக்கிறது. வெளிவிடும் மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் பிடித்து வைத்து, அடுத்த மூச்சில் திருப்பிக் கொடுப்பது அந்த உப்பும் ஸ்பாஞ்சும் சேர்ந்துதான். குழாயில் காட்டிக் கழுவினால் முதலில் போவது உப்பு. மிஞ்சும் ஸ்பாஞ்சு தண்ணீரை உறிஞ்சி மூச்சை அடைக்கும், கிருமியும் வளரும். நீங்கள் மாட்டிவிடுவது இப்போது மூச்சுக்கு ஒரு தடை மட்டும்தான், பலன் எதுவும் இல்லை. ஒரு கேசட்டின் ஆயுள் 24 மணி நேரம். சளி அப்பிவிட்டால் அதற்கு முன்னாலேயே மாற்ற வேண்டும். இன்னொன்று, இது வெளியே கிளம்பும்போது மட்டும் மாட்டிக்கொள்ளும் பொருள் இல்லை. இரவு பகல் போட்டிருந்தால்தான் மூச்சுக்குழாய் தேறும். ஒழுங்காகப் போட ஆரம்பித்த முதல் சில நாள் மூச்சு முட்டுவது போலிருக்கும், சளி இளகிக் கூடியது போலவும் தெரியும். அங்கேதான் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். சில வாரம் பொறுத்தால் இருமலின் எண்ணிக்கையும் இரவு விழிப்பும் குறைவதை நீங்களே பார்க்கலாம். தடை குறைவான கேசட்டும் கிடைக்கிறது. நடமாடும்போது அதைக் கேளுங்கள்.

ஒட்டும் பட்டை அடிக்கடி பிய்ந்துவிட்டால் அதற்கும் வழியிருக்கிறது. துளையைச் சுற்றியுள்ள முடியைச் சவரம் செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். பட்டையை உள்ளங்கைகளுக்கு நடுவே ஓரிரு நிமிடம் சூடேற்றி, துளையின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக விரலால் அழுத்தி ஒட்டுங்கள். ஒட்டிய கையோடு பேச வைக்காதீர்கள். கதிர் பட்டுத் தோல் புண்ணாக இருந்தால் பட்டை வேண்டாம். துளைக்குள் செருகும் மென்மையான சிலிகோன் குழாயில் (லேரி டியூப் என்பார்கள்) கேசட்டை மாட்டலாம். துளை சுருங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் இந்த டியூப்தான் வழியைத் திறந்து வைக்கும். டியூப் போகப்போக இறுக்கமாக நுழைகிறது என்றால் துளை சுருங்குகிறது என்று அர்த்தம். அப்போது கையில் பலம் காட்டாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

தினம் ஒரு கேசட் கட்டுப்படியாகாது என்றால், உள்ளதை இரவுக்கும் வெளியே போகும் நேரத்துக்கும் வைத்துக்கொண்டு, மீதி நேரத்துக்குத் துணி மறைப்புக் கட்டுங்கள். முழு ஈடு ஆகாது, ஆனால் வெறும் துளையைவிட மேல். பலமுறை துவைத்து மெலிந்த மல் வேட்டித் துணியில் ஒரு சாண் நீளம், அரைச் சாண் அகலத்துக்கு நாலு மடிப்பு வையுங்கள். ஓரங்களை மடித்துத் தைக்க வேண்டும். ஒரு நூல்கூடப் பிரிந்து தொங்கக்கூடாது. மேல் ஓரத்தில் மட்டும் நாடா வைத்துக் கழுத்தில் கட்டி, கீழ்ப்பக்கம் தளர்வாக விடுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து போட வேண்டும். காய்ந்தால் திரும்ப நனையுங்கள். ஏழெட்டுத் துணி தைத்து வைத்துக்கொண்டு தினமும் கொதி நீரில் போட்டு அலசினால் போதும். தோளில் போடும் டர்க்கித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அதன் இழைகள்தான் உள்ளே போகும். டிஷ்யூ பேப்பரும் பஞ்சும் அப்படியே. முடிவெட்டும்போது ஈர மறைப்பு கட்டாயம். வெட்டிய முடி ஒன்று உள்ளே போனால் இருமல் லேசில் நிற்காது. முகத்துக்குப் பவுடர், கொசுவத்தி, சாம்பிராணி, விறகடுப்புப் புகை எல்லாவற்றுக்கும் அவரிருக்கும் அறையில் இடம் வேண்டாம்.

ஈரத்தை உள்ளேயும் கொடுக்க வேண்டும். திரவத்தை மெல்லிய புகைபோல ஆக்கும் நெபுலைசரில் 3 முதல் 5 மில்லி 0.9 சதவீத சலைனை (கிருமி நீக்கிய உப்புநீர்) மட்டும் ஊற்றி, மாஸ்க்கைக் கழுத்தில் வைத்துப் பத்து நிமிடம். காலை எழுந்ததும், படுக்கப் போகுமுன், இடையில் ஒரு முறை. சளி கட்டியாக இருந்தால் ஊசி இல்லாத சிரிஞ்சில் 2, 3 மில்லி சலைன் எடுத்து, அவர் மூச்சு இழுக்கும்போது துளைக்குள் சொட்டு விடுங்கள். பலமாக இருமுவார், அதற்காகத்தான் விடுகிறோம். இருமும்போது முன்னால் குனிந்து, துணியைக் கழுத்தில் பிடிக்கப் பழக்குங்கள். பழைய ஞாபகத்தில் கை வாய்க்குத்தான் போகும். சலைனுக்குப் பதில் வீட்டு உப்புத் தண்ணீர் வேண்டாம். 100 மில்லி பாட்டிலைத் திறந்தால் மறுநாளைக்கு மேல் வைக்காதீர்கள். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், டாக்டர் வேறு காரணத்துக்காக அளவு சொல்லியிருந்தால் ஒழிய.

பொருக்கை எடுப்பதற்கு வெளிச்சமும் பொறுமையும் வேண்டும். நெபுலைசர் முடிந்த கையோடு கண்ணாடி முன் உட்கார வைத்து டார்ச் அடியுங்கள். முனை மழுங்கிய இடுக்கியால், ஓரத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். வரவில்லையா, விட்டுவிடுங்கள். இன்னும் கொஞ்சம் சலைன் விட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். காய்ந்த பொருக்கைப் பிய்த்தால் அடியிலிருக்கும் மெல்லிய தோலும் சேர்ந்து வரும். காலையில் நீங்கள் பார்க்கும் ரத்தக் கோட்டுக்கு வறட்சியும் இதுவுமே பெரும்பாலும் காரணம். ஈரம் சரியாகிச் சில நாளாகியும் கோடு நிற்காவிட்டால் டாக்டர் உள்ளே பார்க்க வேண்டும். கோடு என்ற அளவைத் தாண்டி, ஸ்பூன் அளவு சிவந்த ரத்தம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடைப்பு மறுபடி வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உட்பட. மூச்சில் விசில் சத்தம், கழுத்துக் குழி உள்ளே இழுப்பது, இருமியும் எதுவும் வராதது, இவை அடையாளம். முதலில் கேசட்டைக் கழற்றுங்கள், அடுத்து டியூபைக் கழற்றுங்கள். பல நேரம் அடைப்பு டியூபுக்குள்தான் இருக்கும், கழற்றியதுமே மூச்சு வந்துவிடும். வராவிட்டால் 2, 3 மில்லி சலைன் விட்டு இருமச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். மலைப்பாதையில் வண்டி ஏறி வர நேரமெடுக்கும், ஆகவே "பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். அடைக்கும்போது அவரால் கூப்பிட முடியாது என்பதால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காலிங் பெல் இருக்கட்டும்.

அவர் சட்டைப்பையில் ஒரு அட்டை இருக்க வேண்டும்: "நான் கழுத்துத் துளை வழியாக மட்டுமே மூச்சு விடுகிறேன். ஆக்ஸிஜனைக் கழுத்தில் கொடுங்கள். வாயையோ மூக்கையோ மூடிப் பயனில்லை. செயற்கை மூச்சும் கழுத்து வழியாகவே." பரபரப்பில் மூக்கில் மாஸ்க்கை வைத்துவிடுவது எங்கும் நடக்கக்கூடியது. பெரிய மாஸ்க் கழுத்தில் உட்காராது, குழந்தைகளுக்கான சின்ன மாஸ்க் பொருந்தும்.

ஆக்ஸிஜன் மெஷின் கேள்விக்கு வருகிறேன். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் ஓய்வாக இருக்கும்போது 94-க்கு மேல் காட்டினால் மெஷின் தேவையில்லை. தேவையில்லாமல் வைத்தால் அது தரும் வறண்ட காற்று பொருக்கைத்தான் கூட்டும். மூக்கில் மாட்டும் டியூபால் அவருக்கு ஒரு துளி ஆக்ஸிஜன்கூடப் போகாது. எண் குறைவாக இருந்தால் நுரையீரலைச் சோதித்து, பீடியால் வந்த மூச்சுக்குழாய் சுருக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் அதையும் ஸ்பேசர் என்ற இணைப்புக் குப்பியோடு கழுத்து வழியாகத்தான் இழுக்க வேண்டும்.

தண்ணீர் குடிக்கும்போது வரும் இருமல் தனிக் கதை. அது வால்வு ஒழுகல். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுச்சுவரில் இருக்கும் அந்த வால்வு சரியாக மூடாவிட்டால் குடிப்பது சொட்டுச் சொட்டாக நுரையீரல் பக்கம் போகும். ஒரு வாய் பால் குடிக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வின் நடுவிலிருந்து வெள்ளை கசிந்தால், அதற்கென்று கொடுத்த பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்படியும் கசிந்தால் வால்வை மாற்றும் காலம் வந்துவிட்டது. வால்வில் பூஞ்சை வளர்ந்து சில மாதங்களில் இப்படி ஆவது சகஜம்தான். வால்வைச் சுற்றிக் கசிந்தால் அளவு பொருந்தவில்லை அல்லது துளை தளர்ந்திருக்கிறது. அதை டாக்டர் பார்க்க வேண்டும். அதுவரை கெட்டியான கஞ்சி, பிசைந்த சோறு கொடுங்கள். குடிக்கும்போது மாட்டிக்கொள்ளும் அடைப்பான் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். வால்வு கழன்று வெளியே வந்துவிட்டால், மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தபடி சின்ன ரப்பர் குழாயைத் துளையில் விட்டு ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள். சில மணி நேரத்தில் அந்தத் துளை மூடிக்கொள்ளும். கழன்ற வால்வு கண்ணில் படவில்லை என்றால் நுரையீரலுக்குள் போயிருக்கலாம், எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

வாசனை முழுவதும் போய்விடவில்லை. மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அதன் வழியாகக் காற்று போவதில்லை, அவ்வளவே. நெதர்லாந்துப் புற்றுநோய் மையத்தினர் 2000-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு எளிய பயிற்சி இருக்கிறது. உதடுகளை மூடி, பற்களை இடைவெளி விட்டு, பெரியவர்கள் முன்னால் கொட்டாவியை அடக்குவோமே, அப்படித் தாடை, நாக்கு, வாயின் அடித்தளம் மூன்றையும் சட்டென்று கீழே இறக்க வேண்டும். வாய்க்குள் உண்டாகும் வெற்றிடம் மூக்கு வழியாகக் காற்றை இழுக்கும். மூச்சு கழுத்தில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். புதிதாக அரைத்த காப்பித்தூளை மூக்குக்கு அடியில் பிடித்துக்கொண்டு வேகமாக ஏழெட்டு முறை செய்யச் சொல்லுங்கள். காப்பித் தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. தினமும் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன் செய்தால் பசியும் திரும்பும். அதுவரை வீட்டில் கேஸ் கசிவு அலாரம் மாட்டுங்கள். அவர் தனியாக இருக்கும்போது கசிந்தால் தெரியாது.

அவர் சோர்ந்து ஒதுங்குவதை மனக்கஷ்டம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கழுத்துக்குக் கதிர் கொடுத்தவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது மிகச் சாதாரணம். குரல்வளையோடு பாதித் தைராய்டையும் எடுத்திருந்தால் இன்னும் அதிகம். அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எதிலும் நாட்டமின்மை எல்லாம் அதன் முகங்கள். டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையை இப்போதும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பாருங்கள்; தைராய்டு சுரப்பு குறைந்திருந்தால் மாத்திரையில் சரியாகிவிடும். மலச்சிக்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குரல்வளையை மூடி மூச்சைப் பிடித்து முக்க அவரால் இனி முடியாது. பாரம் தூக்கப் பழைய பலம் வராததும் அதனால்தான். கீரை, பழம், தண்ணீர் கூடட்டும். மூட்டை தூக்கச் சொல்லாதீர்கள். இவையெல்லாம் சரியாகியும் அவர் தேறாவிட்டால், மனநல மருத்துவரிடம் தயங்காமல் கூட்டிப் போங்கள். பீடி, ஹான்ஸ், மது மூன்றும் மறுபடி எட்டிப் பார்க்கக்கூடாது. ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். முதல் ஆண்டில் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும்; கழுத்தில் புதுக் கட்டி, விழுங்க முடியாமை, எடை இறக்கம் தெரிந்தால் அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பேச்சு மொழிக் குறைபாட்டுக்கு உதாரணமாகவே குரல்வளை நீக்கம் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அறுவை சிகிச்சைக் குறிப்புடன் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஃபில்டருக்கும் வால்வுக்கும் உதவி கேட்கப் போகும்போதும் அந்த அட்டை கையில் இருப்பது நல்லது.

மேட்டூருக்குத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். காவிரியில் மட்டும் இறக்காதீர்கள். மற்றவர்களுக்குக் கழுத்தளவுத் தண்ணீர் என்றால் தலை மேலே இருக்கிறது. அவருக்கு அங்கேயே மூச்சுவழி மூழ்கிவிடும். கூட்டத்தில் யாராவது இடித்தாலும் அலை அடித்தாலும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குள் போகும். ஆற்றில் கால் வைக்காமல், படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்து, சொம்பில் எடுத்து மார்புக்குக் கீழே ஊற்றிக்கொள்ளட்டும். தலைக்குத் தெளிப்பதென்றால் ஈரக்கையால் தடவினால் போதும். வீட்டிலும் குளிக்கும்போது ரப்பர் மறைப்பைக் கட்டி, தலையை முன்னால் குனிந்து முதுகுப் பக்கமாக ஊற்றுங்கள். கதிர் பட்ட கழுத்தில் உணர்ச்சி மந்தமாக இருக்கும். சூட்டை உங்கள் கையால் பார்த்த பிறகே ஊற்றுங்கள். மேட்டூர் பையில் மூன்று கேசட், நாலு ஈரத் துணி, சலைன், சிரிஞ்ச், இடுக்கி, டார்ச், வால்வு பிரஷ், ரப்பர் குழாய், மாற்று டியூப் இருக்கட்டும். பேருந்தில் ஜன்னல் காற்று நேரே கழுத்தில் படாத இருக்கையாகப் பார்த்து உட்கார வையுங்கள்.